பீரோவில் ஏற்கனவே ஒருத்தன் தொங்குகிறான்

பொங்கல் முடிந்த வாரம் ஒரு மாலில் கருநீலக் கோட்டு ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். போனது செருப்பு வாங்க. அந்தக் கடை வாசலில் சிவப்புப் பலகையைப் பார்த்ததும் கால் தானாக உள்ளே போய்விட்டது. சீட்டில் விலை 38,000 ரூபாய், அதன் மேல் ஒரு கோடு, பக்கத்தில் 60 சதவீதம் தள்ளுபடி, ஆக 15,200. சட்டைக்கு ஆயிரத்து இருநூறைத் தாண்டினாலே யோசிக்கிற ஆள் நான், ஆனாலும் 38,000-த்தைப் பார்த்துவிட்டு 15,200-ஐப் பார்த்தால் ஏதோ நமக்கு 22,800 ரூபாய் சம்பளத்தில் கூடிவிட்ட மாதிரி ஒரு மயக்கம் வருகிறதே, அது அன்றைக்கு நன்றாகவே வந்தது.

கோட்டும் லேசுப்பட்டதில்லை. காலர் கழுத்தை ஒட்டி உட்கார்ந்தது, பின்பக்கம் சுருக்கமே இல்லை, பாதி முதுகுக்குத்தான் லைனிங். விற்பனைத் தம்பி பின்னால் நின்று தோளைத் தடவிவிட்டு “சூப்பர் 120 சார், இத்தாலியன் ஊல், லைஃப்லாங் வரும்” என்றான். பிப்ரவரியில் மச்சினனுக்குக் கல்யாணம், சேலத்தில் ரிசப்ஷன், ஆக காரணமும் தயாராக இருந்தது. கண்ணாடியில் எடுத்த படத்தை மனைவிக்கு அனுப்பினேன். இரண்டு நிமிடத்தில் பதில்: “நல்லாத்தாங்க இருக்கு. ஆனா பீரோல ஏற்கனவே ஒருத்தன் தொங்கிக்கிட்டு இருக்கானே, அவனை என்ன பண்றது?”

அந்த ஒருத்தனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 2011-இல் என் கல்யாண ரிசப்ஷனுக்கு வாங்கியது. நம் ஊரில் கோட்டு சூட்டு என்பது பெரும்பாலான மாப்பிள்ளைகள் வாழ்க்கையில் ஒரு ராத்திரி போடுகிற வேஷம்தான், அதனால் எதற்குத் தண்டச் செலவு என்று ஒரு பெரிய பெயர் போட்ட கோட்டைப் பாதி விலையில் பிடித்துவிட்டதாக அப்போது எனக்குப் பெருமை. பேண்ட் இடுப்பு சேராததால் அதை விட்டுவிட்டு, தனியாகத் துணி எடுத்து எங்கள் தெரு டெய்லரிடம் தைத்துக்கொண்டேன். கோட்டு மூன்றாவது முறை டிரை கிளீனிங் போய் வந்தபோது நெஞ்சுப் பக்கம் அப்பளம் பொரிந்த மாதிரி கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. சலவைக் கடைக்காரரோடு சண்டை போட்டேன். அவர்மேல் தப்பே இல்லை என்பது பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

சொன்னது பாய். மேற்கு மாம்பலத்தில் ஒரு மாடிப்படிக்குக் கீழே மிஷின் போட்டு ஆல்டரேஷன் மட்டும் செய்கிறார். புதுசாக எதையும் தைப்பதில்லை. முப்பது வருடமாக அடுத்தவர்கள் தைத்ததைப் பிரித்துப் பார்ப்பதுதான் தொழில் என்பதால், எந்தக் கடை உள்ளே என்ன வைக்கிறது என்பது அவருக்கு அத்துப்படி. கோட்டின் முன்பக்கம் விறைப்பாக நிற்பதற்கு உள்ளே ஒரு துணி வேண்டும். ஒழுங்கான கோட்டில் அது கேன்வாஸ், பருத்தியும் ஆட்டு மயிரோ குதிரை மயிரோ கலந்து நெய்தது, அதைத் தையல் போட்டுப் பிடித்திருப்பார்கள். மலிவான கோட்டில் பேஸ்டிங், அதாவது பசை தடவிய துணியைச் சூடு வைத்து ஒட்டிவிடுவார்கள். ஒட்டியதெல்லாம் மோசம் என்றில்லை, இப்போது பசையும் தேறியிருக்கிறது என்கிறார் பாய். ஆனால் ஆவி, சூடு, டிரை கிளீனிங் திரவம் இது மூன்றும் சேர்ந்து திரும்பத் திரும்பப் பட்டால் பசை அங்கங்கே விட்டுப்போகும், விட்ட இடத்தில் மேல்துணி எழும்பும். அதை யாராலும் சரிசெய்ய முடியாது. மறுபடி அயர்ன் வைத்தால் ஒரு வாரம் அடங்கியிருக்கும், அவ்வளவுதான்.

கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. கீழ்ப் பட்டனுக்குக் கொஞ்சம் கீழே மேல்துணியை ஒரு கையாலும் உள்துணியை ஒரு கையாலும் பிடித்து மெதுவாக விலக்க வேண்டும். நடுவில் மூன்றாவதாக ஒரு துணி எதிலும் ஒட்டாமல் நழுவுவது விரலுக்குத் தெரிந்தால் முழுக் கேன்வாஸ். அங்கே தெரியாமல் நெஞ்சுப் பக்கம் மட்டும் தெரிந்தால் பாதிக் கேன்வாஸ், அதுவே போதும். எங்கேயும் தெரியவில்லை என்றால் மொத்தமும் ஒட்டு. மாலில் அந்தக் கோட்டை நான் அப்படிக் கிள்ளிப் பார்த்தபோது தம்பி என்னைக் கொஞ்சம் சந்தேகமாகப் பார்த்தான். பாதிக் கேன்வாஸ் இருந்தது. மனசு இன்னும் கொஞ்சம் வழுக்கியது.

அன்றைக்கு வாங்கவில்லை. ஒரு நாள் எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு, கோட்டை உள்ளே வெளியே புரட்டி ஏழெட்டுப் படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

தள்ளுபடி சதவீதம் துணியைப் பற்றி ஒன்றுமே சொல்வதில்லை, கடைக்காரருக்கு அதை வெளியே தள்ள எவ்வளவு அவசரம் என்பதை மட்டும்தான் சொல்கிறது. ஆடித் தள்ளுபடியும் அப்படிப் பிறந்ததுதானே, ஆடியில் கல்யாணம் கிடையாது, கடையில் கூட்டம் இருக்காது, சரி விலையைக் குறைப்போம் என்று. அது வெளிப்படையான கணக்கு. பெரிய டிசைனர் கம்பெனிகளுக்கோ விலையைக் குறைப்பதே கௌரவப் பிரச்சினை. இங்கிலாந்தின் பர்பெரி 2017–18 நிதியாண்டில் விற்காமல் நின்ற 28.6 மில்லியன் பவுண்டு மதிப்புள்ள சரக்கை அழித்துவிட்டதாகத் தன் ஆண்டறிக்கையிலேயே எழுதி வாங்கிக் கட்டிக்கொண்டது, பிறகு இனிமேல் எரிக்க மாட்டோம் என்று அறிவித்தது. பிரான்சில் 2022-இலிருந்து விற்காத துணியை அழிப்பது சட்டப்படியே கூடாது. ஆக மிஞ்சியது எங்கேயாவது ஒரு வழியில் கீழே இறங்கத்தான் வேண்டும், அதில் நல்ல சரக்கும் இருக்கும்.

ஆனால் தள்ளுபடிக் கடையில் தொங்குவதெல்லாம் மேலிருந்து இறங்கியதல்ல என்பதுதான் சிக்கல். அவுட்லெட்டுக்கென்றே தனியாக, மலிவான துணியில், அதே பெயரை ஒட்டித் தைக்கிற வழக்கம் ரொம்ப நாளாக இருக்கிறது. அமெரிக்காவில் 2014-இல் நாடாளுமன்ற உறுப்பினர்கள் சிலர் இதை விசாரிக்கச் சொல்லி வணிக ஆணையத்துக்குக் கடிதமே எழுதினார்கள். அப்படித் தைத்த கோட்டு 38,000-க்கு ஒரு நாளும் விற்றிருக்காது, அந்த எண்ணே கோடு போடுவதற்காக அச்சடித்ததாக இருக்கும். நான் சீட்டில் முதலில் தேடுவது மாதமும் ஆண்டும். நம் ஊரில் விலைச் சீட்டில் பெரும்பாலும் தயாரித்த அல்லது இறக்குமதி செய்த மாதம் இருக்கும். ஒன்றரை வருடம் பழசாக இருந்தால் நிஜமாகவே எங்கேயோ மாட்டிக்கொண்டிருந்த சரக்கு என்று ஓரளவு நம்பலாம். போன மாதம் தைத்து இந்த மாதம் அறுபது சதவீதம் என்றால் எனக்கு உறுத்தும். இந்தக் கோட்டில் 2024 ஆகஸ்ட் என்று இருந்தது. சரி, அதுவும் பாஸ்.

அப்புறம் அந்த சூப்பர் 120. தம்பி அதை ஏதோ நூற்றுக்கு நூற்றிருபது மார்க் மாதிரிச் சொன்னான். அது நூலின் உழைப்பைச் சொல்கிற எண்ணே இல்லை, கம்பளி இழை எவ்வளவு மெல்லிசு என்பதைச் சொல்வது. சூப்பர் 100 என்றால் இழையின் தடிமன் 18.75 மைக்ரானுக்குள், 120 என்றால் 17.75-க்குள், 150 என்றால் 16.25-க்குள். எண் ஏற ஏறத் துணி வழவழப்பாகும், விலை ஏறும், கூடவே சீக்கிரம் தேயவும் செய்யும். காரில் ஏறி இறங்குகிற ஆளுக்கு அது பரவாயில்லை. நான் ஸ்கூட்டர் ஆள், லேப்டாப் பை வலது தோளில் தொங்கும், அந்த வார் உரசுகிற இடத்தில் மெல்லிய கம்பளி எத்தனை நாள் தாங்கும்? விலை கூடினால் உழைப்பும் கூடும் என்று நாமாக நினைத்துக்கொள்கிறோம். டிசைனர் துணியில் பெரும்பாலும் நாம் காசு கொடுப்பது வெட்டுக்கும் பெயருக்கும்தான். வெட்டு நிஜமான சங்கதி, அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன், எங்கள் பக்கத்து டெய்லர் எத்தனை கோட்டு தைத்தாலும் காலர் அப்படிக் கழுத்தில் உட்காராது. ஆனால் நன்றாக வெட்டிய துணி நாள்பட உழைக்கும் என்று சொல்ல முடியாது, அது வேறு கணக்கு.

சென்னையில் இன்னொரு கணக்கும் உண்டு. இங்கே துணியை உரசலைவிட அதிகமாகக் கெடுப்பது வேர்வையும் ஈரக் காற்றும் போர் தண்ணீரும். கோட்டில் முதலில் போவது அக்குள் லைனிங்தான். பாலியஸ்டர் லைனிங் கிழியாது, ஆனால் உள்ளே அவிந்து போவோம். விஸ்கோஸ் குளுமையாக இருக்கும், ஆனால் நனைந்தால் அதன் பலம் ஏறக்குறைய பாதியாகிவிடும், அக்குளோ நனைந்தே இருக்கிற இடம். (பருத்தியும் லினனும் நேர் எதிர், நனைந்தால் பலம் கூடும். நம் சலவைத் தொழிலாளர்கள் அந்தக் காலத்தில் கல்லில் அப்படி அடித்தும் வேட்டி பிழைத்தது சும்மா இல்லை.) எண்பது சதவீதம் தள்ளுபடி என்றாலும் நான் தொடாத இரண்டு இருக்கின்றன. தோல் மாதிரி தெரிகிற பியூ, அதாவது பாலியூரித்தேன் பூசிய ஜாக்கெட், இந்த ஊர் ஈரத்தில் அது போட்டாலும் போடாவிட்டாலும் சில வருடத்தில் உரிய ஆரம்பித்துவிடும். இன்னொன்று ரொம்ப இழுபடுகிற பேண்ட், உள்ளே இருக்கிற ரப்பர் மாதிரியான இழை வெயிலிலும் சூட்டிலும் செத்துப்போனால் முட்டி தொங்கும், எந்தத் தையலாலும் அதை மீட்க முடியாது.

கம்பளிக்கு பூச்சி வேறு. அந்துப்பூச்சி பறக்கிறபோது ஒன்றும் செய்யாது, அதன் புழுதான் கம்பளியையும் பட்டுத் துணியையும் தின்னும், அதுவும் வேர்வையோ சாப்பாட்டுக் கறையோ இருக்கிற இடமாகப் பார்த்து. ரிசப்ஷனில் போட்டு, ரசம் சிந்தி, அப்படியே பிளாஸ்டிக் உறையில் மாட்டி அடுத்த கல்யாணம் வரை மறந்துவிடுகிற நம் வழக்கம் இருக்கிறதே, புழுவுக்கு அதைவிடப் பெரிய விருந்து கிடையாது.

ராத்திரி சாப்பிட்டுவிட்டு நானும் அவளும் கணக்குப் போட்டோம். வருடத்துக்கு எத்தனை தடவை போடுவேன்? மூன்று ரிசப்ஷன், ஆபீஸில் வெளிநாட்டுக்காரர்கள் வரும்போது ஒரு தடவை, பெங்களூரு ஒரு தடவை, தாராளமாகச் சொன்னாலும் ஐந்து. பத்து வருடம் உழைத்தால் ஐம்பது. 15,200-ஐ ஐம்பதால் வகுத்தால் ஒரு தடவைக்கு 304 ரூபாய். “பரவாயில்லையே” என்றேன். “டிரை கிளீனிங்?” என்றாள். எங்கள் கடையில் 450. இரண்டு தடவைக்கு ஒரு முறை போட்டாலும் இருபத்தைந்து முறை, 11,250. மொத்தம் 26,450, ஒரு தடவைக்கு 529. யானையை வாங்குவது பெரிசில்லை, கட்டித் தீனி போட வேண்டுமே. அதே சமயம் என் ஆயிரத்து இருநூறு ரூபாய் சட்டை வாரம் ஒரு தடவை வீதம் இரண்டு வருடம் ஓடி, தடவைக்குப் பன்னிரண்டு ரூபாயில் நிற்கிறது. இன்னொன்றையும் அவள்தான் எடுத்துப் போட்டாள்: 2,500 ரூபாய்க்கு மேல் போகிற உடைக்கு 2025 செப்டம்பர் 22-லிருந்து ஜிஎஸ்டி 18 சதவீதம், அதற்குள் இருந்தால் 5. 15,200-இல் ஏறக்குறைய 2,319 ரூபாய் வரி, அதைக் கொடுத்தால் காலரும் வராது கையும் வராது. வரிக்குப் பயந்து யாரும் துணி வாங்காமல் இருப்பதில்லை, ஆனாலும் அவள் சொன்ன விதம் அப்படி.

“அப்ப டிசைனர் டிரெஸ்ஸே வேணாம்ங்கறியா?” என்றால் அதுவும் இல்லை. 2018-இல் பாதி விலைக்கு, 2,400 ரூபாய்க்கு எடுத்த ஒரு கைத்தறிச் சட்டை என்னிடம் இருக்கிறது, ஒரு டிசைனர் கடையில் எடுத்தது. பிசிறு தெரியாமல் உள்தையலையும் மடித்து அடைத்துத் தைத்திருக்கிறது. கழுத்துப் பக்கம் காலர் நைந்தபோது பாய் அதைப் பிரித்துத் திருப்பிப் போட்டுக் கொடுத்தார், எண்பது ரூபாய். இரண்டு பட்டன் மாற்றியாயிற்று. இன்னும் ஓடுகிறது. அந்தச் சட்டை உழைத்ததற்கு நெய்தவருக்குப் பாதி, பாய்க்குப் பாதி என்று பங்கு பிரிப்பேன். ஒரு துணி நீடிக்குமா என்று கேட்கிறபோது நான் இப்போது முதலில் யோசிப்பது அதன் துணியைக்கூட இல்லை, இது கிழிந்தால், நைந்தால், நான் ஒரு சுற்றுப் பெருத்தால், என் தெருவில் இதைச் சரிபண்ண ஆள் உண்டா என்பதைத்தான்.

அதனால் மறுநாள் காலை ஆபீஸ் போகும் வழியில் படங்களைப் பாயிடம் காட்டினேன். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தார். லைனிங்கைத் தூக்கி எடுத்த படத்தில் நின்றார்.

“முதுகுத் தையல்ல ஒரு இஞ்சுக்கு மேலயே துணி விட்டிருக்கான் சார். நல்ல ஆளு தைச்சது. நீங்க இன்னும் ரெண்டு இஞ்சு வெயிட்டு போட்டாலும் பிரிச்சு விட்டுரலாம்.”

“லைனிங்?”

“அது டயர் மாதிரி சார். தேஞ்சா மாத்திக்க வேண்டியதுதான், வண்டியவா தூக்கிப் போடுவோம்?”

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அடுத்த படம் கை. கோட்டுக் கையில் நான்கு பட்டன், நான்குக்கும் நிஜமான காஜா, அவிழ்த்தால் அவிழும். நான் அதைப் பெரிய விசேஷமாக நினைத்திருந்தேன். பாய் உதட்டைப் பிதுக்கினார். காஜா நிஜமாக வெட்டியிருந்தால் கையைக் கீழே குறைக்க முடியாது, பட்டன் ஓரத்துக்கு வந்துவிடும், மேலே தோளில் பிரித்துத்தான் குறைக்க வேண்டும், அது என் வேலை இல்லை என்றார். கை எனக்குச் சரியாகவே இருந்ததால் அதை விட்டுவிட்டோம். கடைசிப் படம் நான் போட்டு நிற்பது. அதைத்தான் ரொம்ப நேரம் பார்த்தார்.

“தோள் பத்தலையே சார்.”

“லேசா…”

“லேசா இல்ல. கைக்கு மேல குழி விழுது பாருங்க. என்ன சைஸ் இது?”

“நாற்பது.”

“உங்களுக்கு நாப்பத்திரண்டு. இடுப்பு நான் பாத்துக்கறேன், உயரம் கூடக்குறைய இருந்தா கண்ணு பழகிரும். தோளப் பிரிச்சா கோட்டையே பிரிச்ச மாதிரி. அத வாங்கிட்டு எங்கிட்ட வராதீங்க.”

சாயங்காலம் மறுபடி கடைக்குப் போனேன், மனசு கேட்கவில்லை. போட்டுப் பார்த்தால் குழி இருந்தது. நேற்றும் இருந்திருக்கும், 22,800 ரூபாய் லாபத்தில் கண்ணுக்குத் தெரியவில்லை. தம்பியிடம் காட்டினேன். “போடப் போட செட் ஆயிடும் சார்” என்றான். செருப்புக் கடையில் சொல்ல வேண்டியதை இங்கே சொல்கிறான், தோள் எப்படிச் செட் ஆகும்? நாற்பத்திரண்டு இருக்கிறதா என்று கேட்டேன். கம்ப்யூட்டரில் பார்த்தான், சென்னையில் இல்லை, ஹைதராபாத்தில் ஒன்று இருந்தது போன வாரம் போய்விட்டது. இந்த மாதிரிக் கடைசிச் சரக்கில் நமக்குச் சரியான அளவு இருக்காது என்பது விதி இல்லை, ஆனால் சரியான அளவுகள்தான் முதலில் விற்றுப்போகும், மிஞ்சுவது ரொம்பச் சின்னதும் ரொம்பப் பெரிசும்தான், அறுபது சதவீதம் வருவதே அதனால்தான். கோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். கழற்றும்போது வருத்தமாகத்தான் இருந்தது, இல்லை என்று சொன்னால் பொய்.

நாற்பத்திரண்டு இருந்திருந்தால் வாங்கியிருப்பேனா என்றால், வாங்கியிருப்பேன். 529 ரூபாய்க் கணக்கெல்லாம் போட்ட பிறகும்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை பீரோவில் தொங்கியவனைக் கீழே இறக்கிப் பாயிடம் கொண்டுபோனோம். கோட்டை அவர் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை, “பட்டனை மட்டும் எடுத்துக்கறேன், கொம்புப் பட்டன் மாதிரி இருக்கு” என்றார். கூட இருந்த பேண்டைத்தான் புரட்டினார். 2011-இல் எங்கள் தெரு டெய்லர் தைத்தது. இப்போது அவர் இல்லை, கடை இருந்த இடத்தில் மொபைல் கடை. பின்பக்கத் தையலில் ஒன்றரை இஞ்சு துணி மடித்து விட்டிருந்தார். கல்யாண மாப்பிள்ளை பெருப்பான் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. பாய் பிரித்து விட்டார், 150 ரூபாய், பதினைந்து வருடம் மடிப்புக்குள் இருந்த துணி மட்டும் கொஞ்சம் கருப்பாகத் தெரிகிறது, சட்டையை வெளியே விட்டால் மறைந்துவிடும்.

சேலத்துக்கு அதையும் அந்தக் கைத்தறிச் சட்டையையும் போட்டுக்கொண்டு போனேன். மாப்பிள்ளை த்ரீ பீஸ் சூட்டு போட்டு மேடையில் வேர்த்து வழிந்துகொண்டிருந்தான். நான் அவன் கோட்டின் கீழ்ப் பட்டனுக்குக் கீழே கிள்ளிப் பார்க்கப் போக, அவள் என் கையைத் தட்டிவிட்டாள்.

நேற்று கடையிலிருந்து குறுஞ்செய்தி வந்தது. இப்போது 70 சதவீதமாம். நாற்பத்திரண்டு வந்திருக்கிறதா என்று மட்டும் கேட்டு அனுப்பியிருக்கிறேன். இன்னும் பதில் இல்லை.